சாமைச் சோற்றுக்குக் கணக்கு கிடையாதா? எடைக் குறைப்பு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் உயரம் இல்லை. வயிற்றுச் சுற்றளவை எழுதியவர்கள் இருவர் மட்டுமே. 78 கிலோ என்பது ஆறடி உயரமுள்ள ஆணுக்குக் கவலைப்படத் தேவையில்லாத எடை, ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கோ உடனடியாகக் கவனிக்க வேண்டிய உடற்பருமன். வயது, உயரம், எடை, தொப்புள் மட்டத்தில் தையல் நாடாவால் எடுத்த வயிற்றுச் சுற்றளவு, தினமும் விழுங்கும் மாத்திரைகளின் பெயர் ஆகிய ஐந்தும் இல்லாத கடிதங்களுக்கு இனி பதில் எழுதுவதாக இல்லை. நம்மவர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது எல்லை என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

கேள்வி: வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ, வயிறு 102 செ.மீ., மாத்திரை எதுவும் இல்லை. மதியம் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு போகிறேன். மாலையில் அலுவலகத்தில் தேநீரும் ஒரு பஃப்ஸும் வழக்கம். மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதா, கொழுப்பைக் குறைப்பது நல்லதா? (வாசகர், தாம்பரம்)

பதில்: முதலில், கேட்ட விவரங்களை ஒழுங்காக எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்வியையே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 609 பேரை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பிரிவுகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைவிட ஒரே பிரிவுக்குள் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடுதான் மிகப் பெரிது. ஒரே அறிவுரையைக் கேட்டவர்களில் சிலர் 20 கிலோவுக்கு மேல் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். ஆகவே எது சிறந்தது என்பதைவிட, எது உங்கள் வீட்டு அடுப்பில் அடுத்த தீபாவளியைத் தாண்டியும் நிற்கும் என்பதே நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது. சோறு சாப்பிடாவிட்டால் சாப்பிட்டதுபோல் இல்லை என்று நினைக்கிறவர் சோற்றை அடியோடு விட முயன்றால் மூன்றாவது மாதம் திரும்பி வந்துவிடுவார். மதியச் சோற்றில் ஒரு கப்பைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலையும் கூட்டையும் வைத்து, மாலை பஃப்ஸுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் சுண்டல் கொண்டு போனால், நாளொன்றுக்கு 300 கலோரி அளவில் குறையும். ஆறு மாதத்தில் 5 அல்லது 6 கிலோ இறங்கினால் அது வெற்றி.

கேள்வி: அதிகாலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கரையாது. ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 60 கலோரி இருப்பதால், கணக்கில் கூடத்தான் செய்யும்.

கேள்வி: ஓராண்டாக எங்கள் வீட்டில் அரிசியே இல்லை. காலையில் தினைப் பொங்கல், மதியம் சாமைச் சோறு, மாலையில் நாட்டுச் சர்க்கரை சேர்த்த ராகி லட்டு, இரவில் கம்பு தோசை என்று மாறிவிட்டோம். ஆனாலும் எனக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது. உயரம் 155 செ.மீ., எடை 71 கிலோ, வயது 38, வயிறு 94 செ.மீ. சிறுதானியத்தில் எடை குறையும் என்கிறார்களே? (வாசகி, ஈரோடு)

பதில்: இந்தக் கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயர்களில் மாதம் ஐந்து முறை எனக்கு வருகிறது. அதனால் இம்முறை விரிவாகவே எழுதுகிறேன்.

சமைக்காத பச்சரிசி 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. தினை, சாமை, வரகு, ராகி, கம்பு ஆகியவற்றில் 320 முதல் 350 வரை. கொள்ளும் பாத்திரத்தையும் பசியையும் மாற்றாமல் தானியத்தின் பெயரை மட்டும் மாற்றினால் கணக்கு எங்கே குறையும்? சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல் என்பதும், ராகியில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்து உண்டு என்பதும், பட்டை தீட்டாமல் முழுதாகச் சமைத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்பதும் உண்மை. நானும் வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறேன். அவற்றின் புரதம் பற்றிப் பேசப்படுவதில் பெரும்பகுதி மிகை. ராகியின் புரதம் 7 கிராம், அரிசியின் புரதம் ஏறக்குறைய 8. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது மானாவாரி உழவருக்கும் வறண்ட நிலத்துக்கும் நல்ல செய்தி. அந்த ஆண்டிலிருந்து கடைகளில் சிறுதானிய முறுக்கு, சிறுதானிய பிஸ்கட், சிறுதானிய நூடுல்ஸ் என்று அடுக்கத் தொடங்கினார்களே, அவற்றின் பொட்டலத்தைத் திருப்பிப் பொருட்பட்டியலைப் படித்தீர்களா? பலவற்றில் முதலிடத்தில் இருப்பது கோதுமை மாவோ மைதாவோதான், அடுத்து எண்ணெய், தினையோ ராகியோ நான்காவது இடத்தில் கூச்சத்தோடு நிற்கிறது.

நம் பாட்டனார் கூழ் குடித்து ஒல்லியாக இருந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் குடித்த ஒரு சொம்புக் கூழில் பெரும்பகுதி தண்ணீரும் மோரும்தான். ஒரு பிடி மாவைப் புளிக்க வைத்து, கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு, நடுப்பகல் வரை ஏர் பிடித்தார். அதே ராகியை நெய்யில் வறுத்து, நாட்டுச் சர்க்கரையில் பிசைந்து, முந்திரி வைத்து உருட்டி, மாலையில் தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்து உண்பதற்கும் அந்தக் கூழுக்கும் தானியத்தின் பெயரைத் தவிர ஓர் உறவும் இல்லை. நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்; 100 கிராமுக்கு வெள்ளைச் சர்க்கரையில் 400 கலோரி என்றால் இதில் 380. அதிலுள்ள இரும்புச்சத்தை நம்பி அள்ளிப் போடுகிறவர் முருங்கைக் கீரைக்கு மாறலாம்.

உங்கள் தினைப் பொங்கலில் எவ்வளவு நெய் என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன்: அரிசிப் பொங்கலுக்கு ஊற்றியதைவிடக் கூடுதல், ஏனென்றால் தினை இழுக்கும். கம்பு தோசைக்கும் அதே கதை. ஒரு காரியம் செய்யுங்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெயும் நெய்யும் வாங்குகிறீர்கள் என்று மளிகைச் சீட்டைப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்று வைத்தால், நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 3 கிலோ, அதாவது மூன்றே கால் லிட்டர் அளவில் போதும். ஐந்து லிட்டர் டின் மாதக் கடைசிக்குள் காலியாகும் வீடுகளில் ஒவ்வொருவரும் தினமும் 110 அல்லது 120 கலோரியைத் தம்மை அறியாமல் கூடுதலாக உண்கிறார்கள். சாமையா அரிசியா என்று சண்டையிடுவதற்கு முன் இந்தச் சீட்டைப் பார்த்திருந்தால் ஓராண்டு வீணாகியிருக்காது. சாமையை விட வேண்டாம். அளந்து வையுங்கள், லட்டை நிறுத்துங்கள், எண்ணெய்க் கணக்கை எழுதுங்கள்.

கேள்வி: எடை குறைக்க என்ன சாப்பிட வேண்டும்? உடனே பதில் தேவை. (பெயரும் ஊரும் இல்லை)

பதில்: இப்போது சாப்பிடுவதைவிடக் குறைவாக. விவரம் எழுதாதவருக்கு இதற்கு மேல் எழுத என்னிடமும் விவரம் இல்லை.

கேள்வி: வயது 56. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறேன். மகன் சொன்னபடி 16 மணி நேரம் உண்ணாமல் இருக்கத் தொடங்கியிருக்கிறேன். முற்பகல் பதினொரு மணிக்குக் கை நடுங்குகிறது. பழகினால் சரியாகிவிடுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அம்மா, இன்றே நிறுத்துங்கள். அந்த நடுக்கம் சர்க்கரை தாழ்வதன் அறிகுறியாக இருக்கலாம். கிளிமிபிரைடு, நீங்கள் உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும் மாத்திரை. நடுக்கம் வரும்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மீண்டும் சோதித்துப் பார்த்து, மாத்திரை அளவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். இன்சுலினோ இவ்வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணாவிரதம் இருக்கக் கூடாது என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதினாலும், ஏதோ ஒரு மகனோ மருமகளோ அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார். அந்த நேரக் கட்டுப்பாட்டில் தனி மந்திரமும் இல்லை. சீனாவின் குவாங்சோவில் ஒரே அளவு கலோரியைக் குறைத்த 139 பேரில், எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்களுக்கும் விருப்பமான நேரத்தில் உண்டவர்களுக்கும் ஓராண்டில் இறங்கிய எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022இல் எழுதினார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் நொறுக்குத் தீனி கூடாது என்பதற்கு அது சிலருக்கு வசதியான வேலி, அவ்வளவே.

கேள்வி: எட்டு மாதங்களாகத் தினமும் முக்கால் மணி நேரம் பூங்காவில் நடக்கிறேன். எடை அசையவில்லை. நடை முடிந்ததும் நண்பர்களோடு காபியும் இரண்டு வடையும் உண்டு. வயது 51, உயரம் 165, எடை 76, வயிறு 98. (வாசகர், மதுரை)

பதில்: விடையைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். முக்கால் மணி நேர நடையில் நீங்கள் செலவிடுவது 150 கலோரி அளவில். இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் 300ஐத் தொடும். நண்பர்களை விட வேண்டாம், காபியும் இருக்கட்டும். வடையை மாதம் ஒரு முறையாக்குங்கள்.

அதற்காக நடை வீண் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் எழுதிய ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களிடம் நீரிழிவு வருவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இயந்திரம் காட்டாத பயன் அது. இளைத்த எடையைத் திரும்பாமல் காப்பதிலும் உடற்பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. முதலில் இளைக்கச் செய்வதில் அதன் பங்கு சிறிது. நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, தண்ணீர் நிரப்பிய குடத்தை இரு கையிலும் மாற்றி மாற்றித் தூக்குவது. பத்தாயிரம் காலடி என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது.

கேள்வி: மூட்டு வலி, எடை 92. நடக்க முடியவில்லை. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: நடக்காதீர்கள். அமர்ந்தபடி காலை நீட்டி மடக்குவது, நிலையான சைக்கிள், வாய்ப்பிருந்தால் நீச்சல். உயரத்தை எழுதுங்கள்.

கேள்வி: மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ முறையில் நான்கு மாதத்தில் 11 கிலோ இறங்கினேன். விட்ட பிறகு ஒன்றரை ஆண்டில் 9 கிலோ திரும்பிவிட்டது. மீண்டும் அதையே தொடங்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: முதல் இரண்டு வாரத்தில் இறங்கியதில் கணிசமான பகுதி தண்ணீர். மாவுச்சத்தை நிறுத்தினால், உடல் கல்லீரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் தீரும். அது தன் எடையைப்போல் மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருப்பது. அதன் பிறகு இறங்கியது உண்மையான இறக்கம்தான், அதில் உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இளைத்த உடல் முன்பைவிடக் குறைவாகவே செலவிடும், பசியையும் கூட்டும். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பெருமளவு இளைத்தவர்களை ஆறாண்டு கழித்துச் சோதித்தபோது, அவர்களுடைய உடல் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாகச் செலவிட்டுக்கொண்டிருந்தது. ஆகையால் திரும்பியதை உங்கள் மன உறுதியின் குறையாக மட்டும் எண்ண வேண்டாம்.

மீண்டும் அதையே தொடங்கினால் மீண்டும் அதே இடத்துக்கு வருவீர்கள் என்பதுதான் என் அச்சம். விட்டது ஏன் என்று எழுதவில்லையே! வீட்டில் தனியாகச் சமைக்க வேண்டியிருந்ததா, செலவா, விருந்துகளில் சங்கடமா? அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதென்றால் அந்த முறை உங்களுக்கானதன்று. அதில் உங்களுக்குப் பிடித்திருந்த முட்டையையும் காய்கறியையும் வைத்துக்கொண்டு, வீட்டாரோடு ஒரே சாம்பாரை ஊற்றி அளவாகச் சோறு உண்ணுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பாருங்கள். மாதம் ஒரு நாள் தையல் நாடா. இரண்டு கிலோ ஏறிய உடனே கவனித்தால் போதும், ஒன்பது ஏறும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி வந்திருக்கிறதாமே, போட்டுக்கொண்டால் உணவுக் கட்டுப்பாடு வேண்டாமா? (வாசகர், சேலம்)

பதில்: ஊசி வேலை செய்கிறது; அதை மறுப்பதற்கில்லை. மருத்துவர் பரிசோதித்துத் தர வேண்டிய மருந்து அது, கடையில் கேட்டு வாங்குவதன்று. அவ்வகை ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் இளைத்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக ஆய்வு உண்டு. கணைய அழற்சி வந்தவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. புரதத்துக்குப் பவுடர் வாங்கலாமா? எடை 60. (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: நாளொன்றுக்கு உங்களுக்கு 50 கிராம் புரதம் அளவில் தேவை. இரண்டு கிண்ணம் கெட்டிப் பருப்பு, ஒரு கிண்ணம் சுண்டல், இரண்டு கிண்ணம் தயிர், ஒரு கை வேர்க்கடலை, இவற்றோடு இட்லியும் சோறும் தருவதைக் கூட்டினால் அது வந்துவிடும். சாம்பாரின் மேல்தண்ணீரைப் பருப்பு என்று கணக்கிடாதீர்கள்.

கேள்வி: வாரம் முழுவதும் கட்டுப்பாடாக இருந்துவிட்டு ஞாயிறு ஒரு நாள் விருப்பம்போல் சாப்பிடலாமா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: உங்கள் ஊர்க்காரரிடம் பிரியாணி வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. ஆறு நாள் 300 வீதம் குறைத்தால் 1800. ஞாயிறன்று பிரியாணி, மாலையில் சமோசா, இரவில் பரோட்டாவும் குளிர்பானமும் என்று போனால் அந்த 1800 ஒரே நாளில் திரும்பிவிடும். மதியம் ஒரு தட்டுப் பிரியாணியைக் கத்தரிக்காய்ப் பச்சடியோடு நிதானமாக உண்டுவிட்டு, இரவுக்கு மோரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரவு உணவைக் குறைக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். நீங்களும் அதை எழுதவில்லை.