வேலூரில் பேண்டு செட் வாசிக்கும் பிள்ளைகளை வைத்து ஜாஸ் குழு தொடங்க முடியுமா?

தாராளமாக முடியும். லண்டனில் கேரி கிராஸ்பியும் ஜனீன் அயன்ஸும் 1991இல் தொடங்கிய ‘டுமாரோஸ் வாரியர்ஸ்’ இந்த வழியில்தான் போனது: வாய்ப்பு கிடைக்காத கறுப்பின இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இலவசப் பயிற்சி. 2023இல் பிரிட்டனின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசு வென்ற எஸ்ரா கலெக்டிவ் அங்கே உருவான ஜாஸ் குழு.

குடியாத்தம், காட்பாடி பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊதும் பலம் ஏற்கெனவே இருக்கும். ஆடியில் தொடங்குங்கள், கல்யாண ஆர்டர் இருக்காது. ஆடிக்கிருத்திகைக்கு மட்டும் விடுமுறை விட்டே ஆக வேண்டும்.

முதல் பாடம் எஃப் ப்ளூஸ், 12 பார்: எஃப் சுரத்தை ஆதாரமாக வைத்து, பார் எனப்படும் நான்கு தட்டு அளவு பன்னிரண்டாகச் சுற்றி வரும் ஜாஸ் வடிவம். கீழே வரும் எஃப்7 போன்றவை கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். எஃப்7 நாலு பார், பி ஃபிளாட்7 இரண்டு, மறுபடி எஃப்7 இரண்டு. பிறகு சி7 ஒன்று, பி ஃபிளாட்7 ஒன்று, எஃப்7 இரண்டு. எல்லார் கையிலும் ஒரே தாளைக் கொடுத்தால் முதல் சுரத்திலேயே அபசுரம்தான். இந்தக் கருவிகளில் தாளில் எழுதிய சுரம் ஒன்று, கேட்கும் சுரம் வேறு; அதனால் எஃப் கேட்க, பி ஃபிளாட் ட்ரம்பெட்டுக்கு ஜி-யிலும், ஆல்டோ சாக்ஸுக்கு டி-யிலும் எழுதித் தர வேண்டும். நாதஸ்வரம் பழகிய பிள்ளைக்கு ப்ளூஸ் ஸ்கேலின் சுரவரிசையை இப்படிச் சொல்லுங்கள்: ச, சாதாரண காந்தாரம், இரண்டு மத்யமமும் அடுத்தடுத்து, ப, கைசிகி நிஷாதம். உடனே பிடித்துக்கொள்ளும்.

தகராறு டிரம்ஸில்தான் வரும். ஊர்வலப் பழக்கத்தில் பெரிய டிரம்மை ஓங்கி அடிப்பார்கள், ஸ்விங், அதாவது ஜாஸின் துள்ளல் நடை, செத்துப்போகும். காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடியான ஹை-ஹாட்டை இரண்டாவது, நாலாவது தட்டில் மட்டும் மூடச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பாட மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சோலோவுக்கு, அதாவது தனியாக வாசிக்க, முறை வைத்து, ஆளுக்கு 12 பார் இரண்டு சுற்று; பேண்டு மாஸ்டர் மகனுக்கும் அவ்வளவுதான்.