கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள்

தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது தென்சென்னையில் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குக் கதை வாசிக்கிறேன். பிள்ளைகளுக்கு வாசிப்பில் ஆசை வரவைப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

வேளச்சேரி அம்மா: டீச்சர், பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. புத்தகம் கொடுத்தால் கடிக்கிறாள். இப்போதே வாசித்துக் காட்டணுமா?

பதில்: கடிக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகமாக வாங்குங்கள். மடியில் வைத்துக்கொண்டு, 'இதோ காக்கா, இதோ மாடு' என்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். இறங்கி ஓடினால் விட்டுவிடுங்கள்.

பெரம்பூர் அப்பா: மகனுக்கு நாலு வயசு. 'பூனை குதித்து ஓடியது' என்று இருப்பதை 'குதிச்சு ஓடிச்சு' என்று மாற்றிச் சொல்கிறேன். தப்பா?

பதில்: தப்பே இல்லை. வீட்டில் யாரும் பேசாத நடையில் திடீரென்று கதை சொன்னால் பிள்ளைக்குப் பாதி புரியாது, எழுந்து போய்விடுவான். முதல் சில தடவை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள். கதை மனப்பாடம் ஆனதும் புத்தகத்தில் உள்ளபடி வாசியுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால் 'ஓடியது' அவனை மிரட்டாது. வாசிக்கும்போது வரிக்குக் கீழே விரலை நகர்த்துங்கள். எங்கள் நூலகத்துக்கு வரும் ஒரு வாண்டு, நான் 'ஓடிச்சு' என்றதும் பக்கத்தில் விரலை ஊன்றி, "இல்ல மிஸ், ஓடியதுன்னு போட்டிருக்கு" என்று திருத்தினான். இன்னும் எழுத்துக்கூட்டவே சரியாக வராத பையன்!

மடிப்பாக்கம் அம்மா: மகள் இங்கிலீஷ் மீடியம், யூகேஜி. 247 எழுத்தையும் முடித்த பிறகு தமிழ்ப் புத்தகம் கொடுக்கலாமா?

பதில்: அதுவரை ஏன் காத்திருக்க வேண்டும்? 12 உயிர், 18 மெய், ஆய்தம், அப்புறம் கால், கொம்பு, சுழி எல்லாம் பிடிபட்டால் மிச்சம் பெரும்பாலும் தானாக வரும். சிக்கல் உகர வரிசையில்தான். கு, து, பு, மு என்று ஆளுக்கொரு வடிவம். அங்கே மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். சென்னையில் உள்ள துலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகங்கள் போடுகிறது. உங்கள் வீட்டுக்கு அது ஒத்துவரும்.

மயிலாப்பூர் தாத்தா: பேரன் தினமும் ஒரே புத்தகத்தைத்தான் நீட்டுகிறான். எனக்கு அலுத்துவிட்டது.

பதில்: அவனுக்கு அலுக்கவில்லையே சார். வாசியுங்கள்.

வியாசர்பாடி அம்மா: அக்கா, புத்தகம் வாங்கிக் கட்டுப்படியாகாது. என்ன செய்ய?

பதில்: வாங்கவே வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஒரு லீவு நாளில் கூட்டிப் போய், பிள்ளையே தேடி எடுக்கட்டும் என்று விடுங்கள். போனில் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். வாசிக்கும் திறனைப் பொறுத்து நாலு நிலையாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையில் ஆரம்பியுங்கள். சொந்தமாக ஒன்றிரண்டு வேண்டுமென்றால் பொங்கலை ஒட்டி நடக்கும் புத்தகக் காட்சிக்குப் போங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் அரங்கில் விலை கையைக் கடிக்காது.

அண்ணா நகர் அம்மா: மகளுக்கு ஆறு வயசு. கதை முடிந்ததும் 'என்ன நீதி, யார் நல்லவர்' என்று கேட்பேன். இப்போது புத்தகத்தை எடுத்தாலே ஓடுகிறாள்.

பதில்: ஓடாமல் என்ன செய்வாள்? பள்ளியில் பரீட்சை, வீட்டுக்கு வந்தால் கதையிலும் ஒரு பரீட்சை. ஒரு மாதம் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்: 'எனக்கு அந்த நரியைப் பார்த்தா பாவமா இருந்துச்சு.' அவ்வளவுதான். பதிலுக்கு அவள், 'அதுக்கு நல்லா வேணும்' என்று சண்டைக்கு வருவாள், வரவிடுங்கள். வராவிட்டாலும் விளக்கை அணைத்துத் தூங்கப் போங்கள். நீதிக் கதைகளாகவே வாங்கித் தருவதையும் கொஞ்சம் நிறுத்துங்கள்; வெறும் சேட்டைக் கதையும் கதைதான்.

கொளத்தூர் அப்பா: பையன் மூன்றாம் வகுப்பு. இன்னும் எழுத்துகள் மாறிப்போகின்றன. சோம்பல் என்கிறார்கள்.

பதில்: சோம்பல் என்று முடிவு கட்ட வேண்டாம் தம்பி. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதில் குறை இல்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுங்கள். டிஸ்லெக்சியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் சிரமப்படுத்தும் குறைபாடு, உள்ள பிள்ளைகளுக்கான மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் சென்னையிலேயே இருக்கிறது. அதற்கிடையில் நாலு பேர் முன்னால் அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். ராத்திரி நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும்.