கஸன்லாக் கல்லறை: வாசகர் கேள்வி – பதில்

கே: பல்கேரியாவில் கஸன்லாக் அரச கல்லறையைப் பார்க்கப் போனால் நகலைத்தான் காட்டுகிறார்களாமே, ஏன்?

ப: ஆமாம், பொதுமக்கள் பார்ப்பது அருகில் கட்டிய நகலைத்தான். அசலின் வட்ட அறை மிகச் சிறியது: குறுக்களவு 2.65 மீட்டர், உயரம் 3.25 மீட்டர். நாலைந்து பேர் உள்ளே நின்றாலே காற்று மாறிவிடும்.

உள்ளே காக்க வேண்டியவை, பழங்காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்த திரேசிய மக்களின் சுவரோவியங்கள். ஈரச் சுண்ணச் சாந்தில் தீட்டும்போது, சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகி, நிறத்தைத் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. கல்லறையை மூடியிருந்த மண்மேட்டுக்குள் வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாததால் ஓவியங்கள் 2,300 ஆண்டுகள் தாங்கின. 1944-இல் ராணுவத்தினர் குழி தோண்டியபோது கல்லறை வெளிப்பட்டது. அந்த அமைதி அதோடு குலைந்தது. மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் நீராகப் படிகிறது. அதில் கரியமில வாயு கரைந்தால் சுண்ணாம்பை அரிக்கும். காயும்போது வெள்ளைப் படலம் மிஞ்சும். சாந்திலுள்ள உப்பும் ஈரத்தில் கரைந்து, காய்கையில் படிகமாகி, வண்ணத்தை உள்ளிருந்து தள்ளிப் பெயர்க்கும். ஈரம் ஏறி ஏறி இறங்குவதுதான் பெரிய கேடு. விளக்கு கூடினால் பாசியும் பிடிக்கும். உதிர்ந்த வண்ணத்தை மீட்க வழியே கிடையாது. ஆகவே நகலைக் காட்டுவதே சரி, ஏமாற்றம் வேண்டாம்.

கே: நகலில் எதை முதலில் பார்ப்பது?

ப: இடைகழியின் மேற்பகுதியில் போர்க்காட்சி இருக்கும், பலர் கவனிக்காமல் நுழைந்துவிடுகிறார்கள். உள்ளே போனதும் குவிமாடத்தை அண்ணாந்து பாருங்கள். ஈமவிருந்தில் மாலை சூடிய ஆணும் தலை கவிழ்ந்த பெண்ணும் அமர்ந்திருக்கிறார்கள். இருவர் கைகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. அந்தக் கைகளிடம் நின்று பாருங்கள், திரேசிய ஓவியத்தில் இதைவிட மென்மையான இடம் எனக்குத் தெரியாது. சுற்றிலும் பணியாளர், குதிரைகள், நான்கு குதிரை பூட்டிய தேர். உச்சிக்கு அருகே மூன்று தேர்கள் பந்தயத்தில் ஓடுகின்றன. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, இவ்வளவுதான் முக்கிய நிறங்கள்.

குவிமாடம் செங்கல்லால் ஆனது. ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே நீட்டி அடுக்கப்பட்டு, உச்சியில் ஒரு கல்லால் மூடப்பட்டிருக்கிறது.

கே: அங்கே புதைக்கப்பட்டவர் திரேசிய மன்னர் மூன்றாம் செவ்தஸா?

ப: இல்லை, இரண்டு கல்லறைகளையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். செவ்தஸின் கல்லறை, கஸன்லாக் இருக்கும் அதே பள்ளத்தாக்கில் உள்ள கோல்யாமா கோஸ்மாட்கா மேடு; 2004-இல் தொல்லியலாளர் கியோர்கி கித்தோவ் குழு அகழ்ந்தது. அங்கே கிடைத்த தலைக்கவசத்திலேயே அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கஸன்லாக் கல்லறையோ பழங்காலத்திலேயே கொள்ளை போய்விட்டது. யாருடையது என்று உறுதியாகவில்லை. செவ்தஸ் நிறுவிய தலைநகர் செவ்தோபோலிஸ் இப்போது கோப்ரின்கா நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது.