புதைபடிவம் தேடக் கடற்கரைக்குப் போகும்போது ஓதத்தைப் பார்த்து நேரம் குறிப்பது எப்படி?

பத்து வயது மகளோடு முதல் தடவையாகப் புதைபடிவம் தேடப் போகிறீர்கள், ஓதம், அதாவது கடல் ஏறுவதும் வற்றுவதும், பார்த்துப் போகச் சொல்கிறார்கள், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளம்பும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம்தான் முக்கியம். அதை வீட்டிலேயே குறித்துக்கொண்டு போங்கள். கையில் ஒரு நல்ல கல் அகப்பட்டுவிட்டால் அப்புறம் யாருக்கும் மணி தெரியாது.

எனக்கு அப்படித்தான் ஆனது. ஓத அட்டவணையில் மதியம் 1:10-க்குக் கடல் முழுதாக வற்றும் என்று போட்டிருந்தது. கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் நாடுகளில், சில அட்டவணைகள் அந்த ஒரு மணியைக் கூட்டாமலே அச்சாகும். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து நானே கூட்டி, 2:10 என்று வைத்துக்கொண்டேன். அவர்கள் ஏற்கனவே கூட்டித்தான் போட்டிருந்தார்கள். மேலே சிறிய எழுத்தில் இருந்த அந்த ஒரு வரியை நான் படிக்கவில்லை.

2:20 இருக்கும். சாம்பல் நிற உருண்டைக் கல் ஒன்று, இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய அளவு. அதன் விளிம்பில், எப்போதோ அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரியான அம்மோனைட்டின் வெளிச்சுற்று மட்டும் வெளியே தெரிந்தது. கயிறு முறுக்கினது போல வரிவரியாக, விரல் நகம் வைத்தால் ஒவ்வொரு வரியிலும் தட்டியது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கடலுக்கு முதுகைக் காட்டியபடி. நிமிர்ந்தபோது, பையை வைத்திருந்த பாறையின் அடி நனைந்திருந்தது. வரும்போது காய்ந்த மணலில் சுற்றி வந்த பாறை முனையை, திரும்பும்போது முழங்கால் தண்ணீரில், ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். அலை வாங்கும்போது காலடிக் கல்லெல்லாம் உருண்டது. கூட ஒரு குழந்தை இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேரம். மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று என்று ஏறும் என்பது மாலுமிகளின் பழைய தோராயக் கணக்கு. ஓத வித்தியாசம் 6 மீட்டர் உள்ள கடற்கரையில் முதல் மணியில் அரை மீட்டர்தான் ஏறும். கடல் சும்மா நிற்பது போலவே இருக்கும். மூன்றாம் மணியில் ஒன்றரை மீட்டர். 50 மீட்டர் நடந்தால் 1 மீட்டர் இறங்குகிற அளவு தட்டையான கரை என்றால், அந்த ஒரு மணியில் தண்ணீர் 75 மீட்டர் உள்ளே வந்துவிடும். அந்த முதல் மணியின் அமைதியை நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே, பகல் வெளிச்சத்தில் கடல் வற்றும் நாளாகப் பாருங்கள். வற்றத்துக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் முன்பே போய், இறங்குகிற தண்ணீரைப் பின்தொடர்ந்து தேடுங்கள். சரியாக வற்றும் நேரத்தில் திரும்பி நடக்கத் தொடங்குங்கள். தேடுவதற்கும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம்தான் நல்லது. அப்போதுதான் விலகிய அலை கற்களைக் கழுவி ஈரமாக விட்டுப் போயிருக்கும், வடிவங்கள் பளிச்சென்று தெரியும். பல கரைகளில் ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், எனவே நேற்றைய நேரம் இன்றைக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வெகுதூரம் உள்வாங்கும், அதே போல உயரமாக ஏறவும் செய்யும். கரையை நோக்கிப் பலத்த காற்று அடித்தாலோ, காற்றழுத்தம் குறைந்திருந்தாலோ அட்டவணை சொல்வதைவிடத் தண்ணீர் உயரும்.

பாறை முனைகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள். விரிகுடாவின் நடுவில் நீங்கள் காய்ந்த மணலில் நின்றுகொண்டிருக்கும்போதே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தண்ணீர் தொட்டுவிடும். அதைக் கடக்கும்போது பாறையின் அடியைப் பாருங்கள். பாசியும், கொட்டலசு என்ற சிறிய ஓட்டு உயிரியும் ஒட்டியிருக்கும் உயரம்வரை தண்ணீர் வழக்கமாக வருகிறது என்று அர்த்தம். மகளோடு போகும் முதல் பயணத்துக்கு முனையே தாண்ட வேண்டியில்லாத, வெளியேறும் வழி பக்கத்திலேயே உள்ள கரைதான் சரி. கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கடலுக்குப் பயந்து பாறைச்சுவரின் அடியில் ஒதுங்குவதும் தவறு. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கரையில் வாழ்நாள் முழுக்கப் புதைபடிவம் தேடிய மேரி ஆனிங்கின் நாய் ட்ரே, 1833-இல் சரிந்த மண்ணில் அவர் கண்ணெதிரே புதைந்து செத்தது. அந்தக் கரையின் ஒவ்வொரு அடியும் தெரிந்தவருக்கே அப்படி. மழைக்குப் பிறகு சரிவு அதிகம். மேலே காய்ந்தது போலத் தெரியும் சேற்றுச் சரிவில் கால் வைத்தால் இடுப்புவரை இறங்கிவிடலாம். பாறைச்சுவரைச் சுத்தியலால் தட்டவும் வேண்டாம். விழுந்ததைக் கடலே உடைத்துக் கழுவி, கூழாங்கல் நடுவே போட்டு வைத்திருக்கும். கல்லெடுக்க அங்கே அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாறைச்சுவரின் அடியில் பல இடங்களில் போனுக்கு சிக்னல் இருக்காது. வழி அடைபட்டுவிட்டால் முனையைச் சுற்றி நீந்தவோ, பாறைச்சுவரில் ஏறவோ பார்க்காமல், பாசிக் கோட்டுக்கு மேலே, கல் விழாத இடமாக நின்று அவசர எண்ணை அழையுங்கள்.

திரும்பும் மணிக்குப் போனில் அலாரம் வையுங்கள். அதற்கு அரை மணி முன்னால் இன்னொன்று. போன் உங்கள் மகளிடமே இருக்கட்டும். “நேரமாச்சு” என்று அவள் சொன்னால், கையில் எது இருந்தாலும் கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளை போல மின்னும் சின்ன அம்மோனைட் கிடைத்தால் அது பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக, மாறியது. வீட்டில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அடிக்கடி தண்ணீர் மாற்றி, உப்பு போனதும் நன்றாகக் காயவைத்து ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். இல்லையென்றால் நாளடைவில் வெள்ளைப் பொடி பூத்து உதிர்ந்துவிடும்.