கண்ணாடியில் பார்த்த தழும்பு

வணக்கம் ஐயா,

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், படித்ததும் தமிழில்தான். கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் 9 வருடமாக வேலை. இப்போது ஷிப்ட் சூப்பர்வைசர். போன வருடம் திருவனந்தபுரத்திலிருந்து புது மேனேஜர் வந்தார். மற்றவர்களிடம் சிரித்துப் பேசுவார். நான் போனால் ‘எந்தா?’ (என்ன?) என்று ஒற்றைச் சொல். தமிழர்களை இங்கே கேலியாகச் சொல்லும் ‘பாண்டி’ என்ற இளக்காரம்தான், எனக்குத் தெரியும். இப்போதெல்லாம் மீட்டிங்கில் நான் வாயைத் திறப்பதில்லை. சொன்ன வேலையை மட்டும் செய்கிறேன். எனக்குக் கீழே இருக்கிற 4 ஒடிசாப் பையன்களோ, பக்கத்திலேயே நின்றால்தான் கையை அசைப்பார்கள். வேறு கம்பெனி பார்த்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

‘எனக்குத் தெரியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

1980இல் கிளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலருடைய முகத்தில் ஒப்பனையால் ஒரு தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு ‘காய்ந்து போகாமல் இருக்க இன்னும் கொஞ்சம் பூசுகிறோம்’ என்று சொல்லி, அவர்களுக்கே தெரியாமல் அதை அழித்துவிட்டார்கள். வெறும் முகத்தோடு போய் ஓர் ஆளிடம் பேசிவிட்டு வந்தவர்கள், ‘அவர் என் தழும்பால் சங்கடப்பட்டார்’ என்று சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. எதிரே இருப்பவர் பார்வையைத் திருப்புவது எந்தப் பேச்சிலும் நடப்பதுதான். தழும்பு இருப்பதாக நம்பியவருக்கு அதெல்லாம் சாட்சியாகிவிட்டது.

நானும் பாலக்காட்டில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவன். என் மேலதிகாரி என்னைப் பற்றி அடுத்தவரிடம் ‘வந்நு’, ‘போயி’ என்று சொல்வது காதில் விழும். என் காது அதை ‘வந்தான்’, ‘போனான்’ என்றே வாங்கிக்கொண்டது. பல மாதம் மனம் எரிந்தது. நம் வினைச்சொல்லில் மரியாதை கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். மலையாள வினைக்கு ஆன், ஆர் விகுதியே கிடையாது. ஒருநாள் அவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசும்போதும் ‘வந்நு’ என்றே சொன்னதைக் கேட்டேன். அதுவரை அவரிடம் நான் முகம் கொடுத்தே பேசியதில்லை. அந்த மாதங்களில் அவரும் என்னைக் கூப்பிடுவதைக் குறைத்திருந்தார். எரிச்சல் என்னிடம் ஆரம்பித்தது, ஆனால் கடைசியில் விலகல் நிஜமாகிவிட்டது.

உங்கள் மேனேஜரின் ‘எந்தா?’வும் இப்படி இருக்கலாம். நமக்குத்தான் அது ‘என்னடா’ மாதிரி கேட்கும். இன்னொன்று, நாம் மரியாதை என்று நினைத்துச் சொல்லும் ‘நிங்ஙள்’, தென்கேரளத்தில் மேலதிகாரியிடம் சொன்னால் பல பேருக்குச் சுருக்கென்று இருக்கும். அங்கே ‘சார்’ என்றே சொல்லி முடித்துக்கொள்வார்கள். நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறீர்கள்?

எல்லாம் உங்கள் மனப்பிரமை என்று நான் சொல்லவில்லை. ‘பாண்டி’ என்ற சொல்லை நானும் கேட்டவன்தான். இளக்காரம் இருந்தால் அது முகத்தைவிட முடிவுகளில் தெளிவாகத் தெரியும். அவர் வந்தபிறகு பதவி உயர்வு யாருக்குக் கிடைத்தது, ஓவர்டைம் யாருக்குப் போகிறது, உங்கள் விடுப்பு எத்தனை முறை மறுக்கப்பட்டது என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அதில் அநீதி தெரிந்தால் எழுத்தில் கேளுங்கள், நான் உங்கள் பக்கம். அதற்கு முன்னால் வாயை மூடிக்கொண்டால், ‘இவருக்கு வேலையில் அக்கறை இல்லை’ என்று அவர் நினைக்க நீங்களே காரணம் கொடுத்துவிடுவீர்கள்.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன அந்த 4 பேர். எனக்கு மேனேஜரைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது.

1974இல் வேர்டு, ஸன்னா, கூப்பர் என்ற மூவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வேலைக்கு நேர்முகத் தேர்வு நடத்திய வெள்ளைக்காரர்கள், கறுப்பின விண்ணப்பதாரரிடம் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்தார்கள். அடுத்த கட்டத்தில் அதே விலகலை வெள்ளைக்கார விண்ணப்பதாரர்களிடம் வேண்டுமென்றே காட்டச் செய்தார்கள். அவர்களும் சொதப்பினார்கள். குறை ஆளிடம் இல்லை, நாற்காலி போட்ட தூரத்தில் இருந்தது.

பக்கத்தில் ஆள் நின்றால்தான் ஒடிசாப் பையன்கள் வேலை செய்வார்கள் என்று நம்பி நீங்கள் நிற்கிறீர்கள். நிற்பவர் போனதும் அவர்கள் கை ஓய்கிறது. எதற்கும் பொறுப்பு கொடுக்கப்படாதவன் வேறென்ன செய்வான்? மேனேஜருக்கு முன்னால் நீங்கள் செய்வதும் இதுதானே, சொன்னதை மட்டும். உலை முன்னால் நிற்கும் அவர்களும் உங்கள் முகத்தைப் பார்த்து, ‘இவருக்கு நம்மைக் கண்டால் இளக்காரம், தெரியும்’ என்று ராத்திரி தங்கள் மொழியில் பேசிக்கொள்ளலாம்.

வேறு கம்பெனி பார்ப்பதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். அடுத்த மீட்டிங்கில் ஒரே ஒரு விஷயத்தையாவது எழுந்து சொல்லுங்கள், தமிழ் கலந்த மலையாளம் போதும். அந்த 4 பேரில் ஒருவரிடம் ஒரு வேலையை முழுசாக ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர்களுடைய ஊர்ப் பெயர்கள் உங்களுக்குத் தெரியுமா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.