பழைய மினி, அலாய் வீல், ஏறாத டயர்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

நேத்து கேள்வி போடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன், விடியறதுக்குள்ள முப்பதுக்கு மேல வந்து நிக்குது. எனக்கு கை பழகினது 1959-ல வந்த அந்த ஒரிஜினல் மினி, அதுலயும் வீலும் டயரும்தான். கார்புரேட்டர், கியர்பாக்ஸ்னு கேட்டவங்க கோவிச்சுக்காதீங்க, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.

அண்ணா, 6 இன்ச் அகலத்துல 10 இன்ச் அலாய் வாங்கினேன், மினிலைட் டிசைன். டயர் 165/70 ஆர்10. கடைக்காரர் அரை மணி நேரம் மல்லுக்கட்டிட்டு ஏறாதுன்னு திருப்பி குடுத்துட்டார். சைஸ் தப்பா?

சைஸ் சரிதான் தம்பி (165 மில்லிமீட்டர் அகலம், சைடுவால் உயரம் அதுல 70 சதவீதம், ஆர்10-னா 10 இன்ச் ரிம்). டயரை ஏத்துன பக்கம்தான் தப்பா இருக்கும்.

ரிம்முக்கு நடுவுல சுத்தி ஒரு பள்ளம் ஓடுதுல்ல, அது அழகுக்கு இல்ல. பீடிங்குக்குள்ள, அதாவது ரிம்மை கவ்வற டயரோட உள்ஓரத்துக்குள்ள இருக்கறது இரும்பு கம்பி, இழுத்தா நீளாது, ரிம் ஓரமோ பீடிங்கை விட பெரிசு, அப்புறம் எப்படி உள்ள போகுதுன்னா ஒரு பக்கத்து பீடிங் அந்த பள்ளத்துல இறங்கினாதான் எதிர்பக்கம் கொஞ்சம் தளர்வு கிடைக்கும், அந்த தளர்வுலதான் டயர் ஏறுது. 10 இன்ச் வீல்ல வட்டமே சின்னது, கிடைக்கற தளர்வும் துளியூண்டு. அதனால பள்ளம் எந்தப் பக்கத்து ஓரத்துக்கு கிட்ட இருக்கோ அந்தப் பக்கம் இருந்துதான் ஏத்தணும். முகம், அதாவது வெளிய தெரியற பக்கம், ஆழமா இருக்கற வீல்ல பல நேரம் பள்ளம் உள்பக்கமா, அதாவது பிரேக் பக்கமா ஒதுங்கி இருக்கும். கடைக்காரர் பழக்கதோஷத்துல முகத்தை மேல பாத்து வெச்சு ஏத்தியிருப்பார், அப்படி வெச்சா காலம் பூரா ஏறாது. தரையில பழைய கம்பளி விரிச்சு முகத்தை கீழ கவுத்துட்டு ஆரம்பிங்க.

ரெண்டு ஓரத்துலயும் பீடிங் லூப்ரிகன்ட் நல்லா தடவுங்க. முதல் பீடிங் கையாலயே போயிரும். ரெண்டாவதுக்கு ஒரு பக்கம் முட்டி ரெண்டையும் டயர் மேல ஊனி, அங்க இருக்கற பீடிங்கை பள்ளத்துக்குள்ள அமுக்கியே வெச்சுக்கிட்டு, எதிர்பக்கம் லிவரை கொஞ்சம் கொஞ்சமா நகத்துங்க. கடைசி ஒரு சாண் இருக்கும்போது லிவர் கல்லு மாதிரி இறுகிச்சுன்னா பலத்தை கூட்டாதீங்க. முட்டிக்கு கீழ பீடிங் பள்ளத்தை விட்டு மேல வந்துருச்சுன்னு அர்த்தம். அதை திரும்ப இறக்குனா லிவர் தானா லேசாகும். பலத்தை கூட்டுனா பீடிங் கம்பி உள்ள முறியும், வெளிய ஒண்ணும் தெரியாது, அதான் ஆபத்தே.

டயர் ஏறிடுச்சு சார், ஆனா ஒரு இடத்துல மட்டும் பீடிங் உள்ள அமுங்கியே இருக்கு. 60 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தி பாக்கலாமா?

வேண்டாம். 40-ஐ தாண்டாதீங்க. பீடிங் உக்கார வைக்க டயர் கம்பெனிங்க பொதுவா சொல்ற எல்லை அதான். 40-ல உக்காரலைன்னா காத்து குறைச்சல் இல்ல, உராய்வு அதிகம். காத்தை முழுசா விடுங்க, பீடிங்கை உள்ள தள்ளி மறுபடி லூப்ரிகன்ட் போடுங்க, டயரை ரிம் மேல அரை சுத்து திருப்புங்க, வால்வு முள்ளை கழட்டிட்டு காத்து விடுங்க, அப்பதான் வேகமா பாயும். ரெண்டு தடவை டொப் டொப்னு சத்தம் வரும். அப்புறம் டயர்ல ரிம் ஓரத்தை ஒட்டி மெல்லிசா ஒரு கோடு சுத்தி வரும் பாருங்க, அது ரிம்ல இருந்து எல்லா இடத்துலயும் ஒரே தூரத்துல இருந்தா உக்காந்தாச்சு. காத்து ஏறும்போது மேல குனிஞ்சு பாக்காதீங்க, தள்ளி நில்லுங்க. கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவாதீங்க, ரப்பரை தின்னுரும். ஸ்ப்ரே அடிச்சு தீ வெக்கற வீடியோ பாத்துட்டு வராதீங்க.

டயரோட வயசையும் பாருங்க. இந்த சைஸ் அதிகம் ஓடாத சரக்கு, ரொம்ப நாள் கிடந்து இறுகிப்போனது கைக்கு வரும். சைடுல DOT-ங்கற எழுத்துக்கு பின்னாடி கடைசி நாலு இலக்கம், 2319-னு இருந்தா 2019-ஓட 23-வது வாரம்.

வேற கார்ல இருந்து 4x100 வீல் சும்மா கிடைச்சுது, மினில கச்சிதமா ஏறுது. ஓட்டலாமா ப்ரோ?

இந்த ஒண்ணை சொல்றதுக்குத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன். மினியோட பிசிடி 4x101.6, அதாவது வீலை புடிக்கற நாலு ஸ்டட்டும் (நட்டு ஏறுற போல்ட்டு) 101.6 மில்லிமீட்டர், 4 இன்ச் விட்ட வட்டத்துல இருக்கும். நூறுக்கும் அதுக்கும் 1.6 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் 0.8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். கண்ணுக்கு தெரியாது. நட்டு ஏறும், இறுகவும் செய்யும். நானும் ஒரு காலத்துல போட்டவன்தான். ரெண்டு வாரத்துல ஸ்டீரிங்ல லேசா ஒரு உதறல், பேலன்சிங்னு நினைச்சு விட்டுட்டேன். ஒரு நாள் வீலை கழட்டுனா நாலு ஸ்டட்டும் ஒரு பக்கம் மட்டும் வெள்ளி மாதிரி மினுங்குது, மரை தேஞ்சு போச்சு, ஒரு நட்டு விரல்லயே சுத்துது. நட்டு நேரா உக்காராம சாஞ்சு உக்காந்து ஸ்டட்டை வளைச்சுக்கிட்டே இருந்திருக்கு. சும்மா கிடைச்ச வீலுக்கு ஹப்பையே பிரிச்சேன்.

10, 12, 13, எது போட்டா ஸ்பீடோமீட்டர் மாறாது?

145/80 ஆர்10 மொத்த உயரம் 486 மில்லிமீட்டர், 165/70 ஆர்10 போட்டா 485, அதனால மாத்தமே இல்ல. 165/60 ஆர்12 வந்தா 503, 175/50 ஆர்13 வந்தா 505. அதாவது 10-ல இருந்து போனா மூணரை, நாலு சதவீதம் குறைச்சு காட்டும். 13-க்கு வீல் ஆர்ச்ல வேலை இருக்கு, ஓட்டம் கட்டை வண்டி மாதிரி இருக்கும். என் ஓட்டு 10-க்கு.

ஆஸ்டின் மெட்ரோ கார் வீல் மினிக்கு வரும்னு சொன்னாங்க. 12 இன்ச் டயர் ஏற மாட்டேங்குது, 13 தொளதொளன்னு இருக்கு.

நிறுத்துங்க! ரிம்ல 315-னு பொறிச்சிருக்கா பாருங்க. அது மில்லிமீட்டர் கணக்குல செஞ்ச டிடி ரிம், 160/65 ஆர்315-னு அதுக்குன்னே தனி டயர். 12 இன்ச் 305 மில்லி, 13 இன்ச் 330. ரெண்டுமே சேராது. 13-ஐ மாட்டி காத்தடிச்சு "நிக்குதே"ன்னு சந்தோஷப்படாதீங்க, திருப்பத்துல கழண்டு ஓடிரும். மெட்ரோல சாதா 12 இன்ச் வீலும் உண்டு, அதை தேடுங்க.

பழைய அலாய், வாரம் 8 பிஎஸ்ஐ இறங்குது. டியூப் போட்டுரலாமா?

போடாதீங்க. முதல்ல தண்ணில முக்கி குமிழி எங்க வருதுன்னு பாருங்க. பீடிங் உக்கார்ற இடத்துல வந்தா உள்ள பெயின்ட் உரிஞ்சிருக்கும், இல்ல அலுமினியம் பூத்திருக்கும், தேச்சு சுத்தம் பண்ணி திரும்ப மாட்டுங்க. வால்வடியில வந்தா வால்வு மாத்துங்க. ரிம் நடுவுலயே பொடிப்பொடியா வந்தா வார்ப்புல நுண் ஓட்டை, உள்பக்கம் சீலர் கோட்டிங் குடுக்கலாம். அதே குமிழி ஒரு கோடா வந்தா விரிசல், வீலை தூக்கி போட்டுருங்க.

(இதுக்கு ஒரு அண்ணன்) நான் பன்னெண்டு வருஷமா டியூப் போட்டுத்தான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகல. சும்மா பயமுறுத்தாதீங்க.

அண்ணே, உங்க வண்டில இருக்கறது என்ன ரிம்? பழைய ஸ்டீல் ரிம்மா இருந்தா நீங்க செய்யறதுதான் சரி, நானும் அதையேதான் செய்வேன். பீடிங் மேடைக்கும் பள்ளத்துக்கும் நடுவுல விரலை வெச்சு தடவுங்க, வயல் வரப்பு மாதிரி மெல்லிசா ஒரு மேடு தட்டுப்பட்டா அது டியூப்லெஸ் ரிம். காத்து குறைஞ்சாலும் பீடிங் பள்ளத்துல விழாம தடுக்கறது அந்த வரப்புதான். அது இல்லாத ரிம்முக்கு டியூப் போடணும்.

(அதே அண்ணன்) ரிம் அலாய்தான், வரப்பும் இருக்கு. இருந்தும் ஓடுதுல்ல?

ஓடும். எது வரைக்கும்னுதான் கேள்வி. 165/60 மாதிரி குட்டை சைடுவால் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியும், டியூப்லெஸ் டயர் உள்சுவர்ல வரிவரியா ரிப்பு இருக்கும், ஸ்டிக்கர்கூட இருக்கும், டியூப் அதுல உரசி உரசி சூடேறி மெலியும். அதை விட பெரிய விஷயம் பஞ்சர். டியூப்லெஸ்ல ஆணி ஏறினா பெரும்பாலும் மெல்லத்தான் இறங்கும். டியூப் கிழிஞ்சா மொத்த காத்தும் வால்வு ஓட்டை வழியா ஒரே மூச்சுல போயிரும், அப்ப நீங்க வளைவுல இருந்தா என்ன பண்ணுவீங்க?

(வேற ஒருத்தர்) பவுடர் போட்டா உரசல் குறையுமே? (இன்னொருத்தர்) அண்ணன் சொல்றதுதான் சரி, அந்தக் காலத்து ஆளுங்க என்ன முட்டாளா?

பவுடர் உரசலை குறைக்கும், பஞ்சரை நிறுத்தாது. அந்தக் காலத்து ஆளுங்க முட்டாள் இல்ல, அவங்க ஓட்டுனது உயரமான சைடுவால் டயர். டியூப் அண்ணன் அடுத்த தடவை டயர் கழட்டும்போது டியூபோட மடிப்புல ஒரு போட்டோ எடுத்து போடட்டும், நானும் பாக்கறேன். இதோட இந்த பஞ்சாயத்து முடிஞ்சுது.

4x100 வீலுக்கு சாஞ்சு குடுக்கற வாபிள் நட்டு போட்டா ஓகேவா?

மேல படிங்க. நான் போட மாட்டேன்.

பீடிங் உக்காரல, 55 பிஎஸ்ஐ...

மேல படிங்க! நாப்பது!

7 இன்ச் அகல 13 இன்ச் ரிம்முக்கு 175/50 இழுத்து போடலாமா, லுக்கு செமயா இருக்கும்.

ஃபேக்டரில இந்த டயரை 6 இன்ச்லதான் போட்டாங்க. பதில் அவ்வளவுதான்.

புது அலாய் போட்டதுல இருந்து 80-ல உதறுது. மூணு கடையில பேலன்சிங் பண்ணியாச்சு அண்ணா.

இது நல்ல கேள்வி. மெஷின்ல வீலை நடு ஓட்டையில கோன் வெச்சு புடிக்கறாங்க, ஆனா உங்க வண்டில பல அலாய் வீலை நேரா நிறுத்தறது நாலு நட்டுதான், நடு ஓட்டை சும்மா பேருக்கு. அந்த ஓட்டை துளி கோணலா இருந்தா மெஷின்ல பூஜ்யம் காட்டும், ரோட்டுல உதறும். ஸ்டட் ஓட்டையில புடிக்கற அடாப்டர் பிளேட் இருக்கற கடையா பாருங்க. நட்டையும் பாருங்க. ஸ்டீல் வீலுக்கு கூம்பு நட்டு. அலாய்ல சிலதுக்கு கூம்பு, சிலதுக்கு நீளக் கழுத்தும் தட்டை வாஷரும் வெச்ச நட்டு, மாத்தி போட்டா வீலோட ஓட்டையை நட்டு தின்னுரும். நட்டு இறுக்கம் 60 நியூட்டன் மீட்டர் பக்கம் போதும், ஸ்பேனர் மேல ஏறி மிதிக்காதீங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவை இறுக்கி பாருங்க.

1990 மாடல் வண்டி, 10 இன்ச் வீல் பிரேக்ல இடிக்குது.

இடிக்கும். 1984-ல இருந்து 12 இன்ச் வீலும் 8.4 இன்ச் டிஸ்க்கும். 10 இன்ச் வேணும்னா வேகமான மினி மாடல் கூப்பர் எஸ்-ல வந்த மாதிரி 7.5 இன்ச் டிஸ்க் செட்டுக்கு போகணும், இல்ல 7.9-க்கு குறைச்சு அதுக்கேத்த காலிபர் (டிஸ்க்கை கவ்வற பிரேக் பாகம்) போடணும். எதை போட்டாலும் பேலன்சிங்குக்கு ஒட்டுற வெயிட்டை காலிபர் உரசற இடத்துல ஒட்ட விடாதீங்க, கையால வீலை ஒரு முழு சுத்து சுத்தி கேளுங்க, சர்ருன்னு சத்தம் வந்தா அது அதான்.

கை வலிக்குது. மிச்ச பதினஞ்சுல பத்து 4x100.