அப்பா வீட்டு டிஷ், புனே மொபைல்

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும் இருக்கிறது. நான் புனேயில் வேலை பார்க்கிறேன். தியாகராஜ ஆராதனை அன்று தூர்தர்ஷனில் வரும் பஞ்சரத்ன நேரலையை அந்தக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, ராத்திரி இங்கே மொபைலில் பார்க்க முடியுமா? அப்பாவுக்கு ரிமோட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது.
– ஒரு வாசகி, புனே

பதில்: முடியும். அப்பா எதையும் தொட வேண்டாம். தூர்தர்ஷன் சேனல்கள் பூட்டு இல்லாமல் வருபவை. டிஷ் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் டிவிபி-எஸ்2 யுஎஸ்பி ட்யூனர் ஒன்று வாங்குங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் போடப்போகும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் சின்னக் கருவிதான் எல்என்பி. அதில் இரட்டை வாய் உள்ளதைப் போடச் சொன்னால் ஒரு கேபிள் டிவிக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. அப்பா பாட்டுக்கு அவர் சேனலைப் பார்க்கலாம்.

பதிவு செய்யும் மென்பொருள் டிவிஹெட்எண்ட், இலவசம். பிரவுசரில் 9981 என்ற போர்ட்டில், அதாவது கம்ப்யூட்டரின் அந்த எண்ணுள்ள வாசலில், திறக்கும். நிகழ்ச்சி அட்டவணையை நம்பாமல், நேரம் குறித்துப் பதிவு வையுங்கள். முன்னால் பத்து நிமிடம், பின்னால் அரை மணி கூடுதலாக. கச்சேரி எப்போது கடிகாரம் பார்த்து முடிந்திருக்கிறது?

கடிகாரம் என்றதும் ஒன்று. முதல் வருஷம் நானும் இதே ஆராதனைக்குக் காலை 9 மணி என்று குறித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். என் கம்ப்யூட்டரோ கிரீன்விச் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரை மணி நேரம் தள்ளி, மத்தியானம் இரண்டரைக்குத்தான் பதிவு தொடங்கியது. திறந்து பார்த்தால் 'ஜகதானந்தகாரக' இல்லை, தென்னையில் வண்டு தாக்குதல்! அதையும் முழுசாகப் பார்த்தேன் என்பது வேறு விஷயம். நேர மண்டலம் கொல்கத்தா என்று இருக்கிறதா, இன்றைக்கே பாருங்கள்.

நொடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் வரும் சேனல், மணிக்கு 1.3 ஜிபி அளவு இடம் பிடிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கே தாராளம்.

அடுத்து, புனேயிலிருந்து எட்டுவது. பிரவுசரில் திறக்கும் மோடத்தின் அமைப்புப் பக்கம் காட்டும் வெளி இணைய முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கு போடுகின்றன என்று அர்த்தம். போர்ட்டைத் திறந்துவிட்டாலும் பயன் இருக்காது. தூரத்தில் இருக்கும் கருவிகளைப் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியை அந்தக் கம்ப்யூட்டரிலும் உங்கள் மொபைலிலும் போட்டுவிடுங்கள். அப்புறம் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும், விஎல்சி என்ற வீடியோ செயலியில் பார்க்கலாம். முகவரி பொதுவாக இருந்தாலும் இதுவே நல்லது. 9981-ஐ உலகத்துக்கே திறந்து வைப்பது, வாசலில் சாவியைத் தொங்கவிடுவது மாதிரி.

கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானே எழ, அதன் தொடக்க அமைப்பான பயாஸில் ஒரு தேர்வு இருக்கும். அதைப் போட்டுவிடுங்கள். மோடத்துக்கும் யுபிஎஸ் வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

கேள்வி: நியூஜெர்சியில், வீட்டு டிவியை வெளியூரிலிருந்து இணையத்தில் பார்க்க வைக்கும் என் ஸ்லிங்பாக்ஸ் பெட்டி நன்றாகத்தான் ஓடியது. இப்போது உயிரில்லாமல் கிடக்கிறதே, ரிப்பேர் செய்யலாமா?
– ஒரு வாசகர், அமெரிக்கா

பதில்: பெட்டியில் கோளாறு இல்லை. அது நிறுவனத்தின் சர்வரைக் கேட்டுத்தான் இயங்கும். அந்த சர்வரை 2022 நவம்பர் 9 அன்று நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஊரில் ஆன்டெனாவில் வரும் சேனல்களுக்குக் காசில்லை. ஆன்டெனா சேனல்களை வீட்டு நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் ஹெச்டிஹோம்ரன் என்ற ட்யூனர் பெட்டி ஒன்றை, ஆன்டெனாவோடு இணைத்து ரவுட்டரில் மாட்டுங்கள். மேலே சொன்ன டிவிஹெட்எண்ட் அதையும் அடையாளம் கண்டுகொள்ளும்.